ஈறு நிறக் கைப்பிடி

என் தம்பி ஒரு காரைச் செய்யத் தொடங்கி மூன்று வருஷம் ஒரு மாதம் ஆகிவிட்டது. புதிதாகச் செய்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ செய்து, யாரோ ஓட்டி, கடைசியில் யாரோ கோழி அடைத்து வைத்திருந்த ஒரு குட்டிக் காரை மறுபடியும் காராக்குகிறான். இத்தனை நாளில் ஒரு தொழிற்சாலை எத்தனை ஆயிரம் கார் செய்து தள்ளியிருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். "அக்கா, அதெல்லாம் மிஷின் பண்றது" என்றான். கையால்தான் பண்ண வேண்டும் என்று இவனிடம் யார் அழுதார்கள்?

அவனுடைய தொழில் பல் கட்டுவது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள்; அதை வைத்து மெழுகில் பல்வரிசை அமைத்து, ஈறு நிறப் பிசினில் வார்த்து, தேய்த்து மெருகேற்றி செட் செய்து கொடுப்பான். ஒரு மாடியில் சின்னக் கூடம், ஒரே ஜன்னல், ஸ்டவ்வில் எந்நேரமும் கொதிக்கிற பாத்திரம், அலமாரி நிறைய வெள்ளைத் தாடைகள். தெருவில் அவன் பெயர் பல்செட். தபால் கொண்டு வருகிறவர்கூட "பல்செட் வீடுதானே?" என்றுதான் கேட்பார். கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. அவன் கட்டிய பல்லை மாட்டிக்கொண்டு சிரித்தவர்களைச் சொந்தப் பல் என்று நினைத்து நானே ஏமாந்திருக்கிறேன். ஆனால் அரை அங்குலப் பல்லில் இருக்க வேண்டிய பொறுமையை ஒரு காரில் காட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

பக்கத்தில் இருப்பவள் நான். தனி ஆள், தம்பி வீட்டின் பின்னறை என்னுடையது. குடிநீர் வாரியத்தில் வேலை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வரை நான் சுற்றுப் பணியில் இருந்தேன். நகரத்தைச் சுற்றியிருக்கும் பதினோரு நீரேற்று நிலையங்களுக்கும் போய், மோட்டார் சத்தத்தைக் காதால் கேட்டு, வால்வில் கசிவு பார்த்து, அளவு குறித்து வருவேன். ஒரு மோட்டார் எப்போது பழுதாகப் போகிறது என்று அதன் உறுமலிலேயே எனக்குத் தெரியும். பிறகு ஒருநாள் தம்பி மோட்டார் சைக்கிள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனபோது விழுந்தோம். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு இடது முழங்கால் போயிற்று. கால் இருக்கிறது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது.

அலுவலகத்தில் என்னைப் பழைய ரசீது அடுக்கும் மூலைக்கு மாற்றினார்கள். பாவம், பாவம் என்று சொல்லிச் சொல்லியே நாற்காலியோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தப் பதினோரு நிலையங்கள். அதற்கு நானே ஓட்டிப் போகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் போதும் என்றேன். தம்பி ஒற்றைக்காலில் நின்றான்.

"நாலு பக்கமும் தகடு இல்லாத எதுலயும் உன்னை ஏத்த மாட்டேன்க்கா."

இடது கால் வேலை செய்யாதவர்களுக்கென்று கிளட்ச் இல்லாத கார்கள் கடையில் இருக்கின்றன. எங்கள் வசதிக்கு அவற்றைக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அப்போதுதான் கோழிக் கார் வந்து சேர்ந்தது. இரண்டே கதவு, உருண்டை விளக்கு, எஞ்சின் பின்னால், சாமான் வைக்கும் இடம் முன்னால். என் வயதுக்கும் மூத்தது. தம்பி மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "சோப்பு டப்பா மாதிரி இருக்கு அண்ணி" என்றாள். அன்றிலிருந்து அதற்கும் பெயர் அமைந்துவிட்டது.

நான் ஆறு மாதம் ஆகும் என்று நினைத்தேன். தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக், எல்லோருக்கும் கிரீஸ் அண்ணன், நான்கு மாதம் என்றார். தம்பி வேலையை ஆரம்பித்தான், பல் தேய்க்கிற குட்டி டிரில்லை வைத்துக்கொண்டு. துரு பிடித்த ஒவ்வொரு இடத்தையும் சொத்தைப் பல் மாதிரி சுரண்டினான், சுத்தம் செய்தான், அடைத்தான், தேய்த்தான், விரலால் தடவிப் பார்த்தான், திருப்தி இல்லாமல் மறுபடி சுரண்டினான். ஒரு கதவு முடிய நான்கு மாதம். அந்தக் கதவைப் பார்த்த கிரீஸ் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு கதவு இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

கிடைக்காத பாகங்களை வாங்கக் காசில்லை, அதனால் அவனே வார்த்தான். எதில் வார்ப்பான்? கூடத்தில் மிச்சப்படும் ஈறு நிறப் பிசினில்தான். ஜன்னல் ஏற்றும் கைப்பிடி ஈறு நிறம். விளக்கு ஸ்விட்ச் ஈறு நிறம். கதவுக் குமிழ், சாம்பல் கிண்ணத்தின் மூடி, கண்ணாடித் துடைப்பானின் திருகு எல்லாமே ஈறு. வண்டிக்குள் தலையை விட்டால் யாருடைய வாயிலோ நுழைந்த மாதிரி இருக்கும். வாசனையும் அதே. பை தைக்கும் கூடத்தில் வேலை பார்க்கும் தம்பி மனைவி, வெட்டி எறிந்த கெட்டித் துணிகளைச் சேர்த்து இருக்கைக்கு உறை தைத்துக் கொடுத்துவிட்டு, சமையலறையில் என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"குக்கர் கைப்பிடி உடைஞ்சு ரெண்டு வருஷமாச்சு அண்ணி. மாத்திக் குடுங்கன்னு நூறு தடவை சொல்லியிருப்பேன். நேத்து மாத்தியிருக்காரு. என்ன திடீர்னு பாசம்னு பார்த்தா, காருக்குப் பண்றதுக்கு முன்னாடி சூடு தாங்குதான்னு பாக்குறதுக்காம்!"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு எரிச்சல் இரண்டு மடங்காக வந்தது.

இந்த வருஷம் நடுவில் சுற்றுப் பணியில் இருந்த ஒருவர் ஓய்வு பெற்றார். நான் நேராக அதிகாரியின் அறைக்குப் போய் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "ஆறு வாரம் தரேன்மா. உங்க காலுக்குத் தகுந்த மாதிரி மாத்தின வண்டி, அதுக்கு உங்க பேர்ல லைசென்ஸ். ரெண்டும் வந்தா இடம் உங்களுக்கு. இல்லைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆள்." அடுத்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்கே ஃபோன் பண்ணிக் கேட்கிறவர்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். "ஆறு வாரமா? தாராளம்" என்றான். ஒரு கதவுக்கு நான்கு மாதம் ஆனதை நான் எண்ணிப் பார்த்தேன்.

வண்டியை என் காலுக்கு ஏற்ப மாற்றுவது இப்படி. கிளட்ச்சை இடது காலால் மிதிப்பதற்குப் பதில் கையால் பிடிக்க வேண்டும். கியர் தண்டின் தலையில் ஒரு பிடி வைத்து, அதோடு மோட்டார் சைக்கிள் கிளட்ச்சைப் போல ஒரு நெம்புகோல், அங்கிருந்து கிளட்ச் வரை கம்பி. கம்பி இழுக்கப் பாரமாக இருந்ததால் நடுவில் ஒரு துணைத் தண்டு வைத்துப் பாரத்தைப் பாதியாகக் குறைத்தான். கிரீஸ் அண்ணனே பாராட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பிடிக்கு ஸ்கூட்டர் ரப்பர் ஒன்றைச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் இவன் பல்செட் ஆயிற்றே!

என்னைச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார வைத்தான். மெழுகு உருண்டையை இடது கையில் கொடுத்து, "அழுத்திப் பிடிக்கா. ஆடாம இரு. அப்படியே இரு" என்றான். வாயில் அச்செடுக்கும்போது சொல்லும் அதே குரல். நான்கு முறை அச்செடுத்தான். ஒவ்வொரு விரலுக்கும் தனிப் பள்ளம், கட்டை விரலுக்கு ஒரு மேடு, விரல் மூட்டு உட்காரச் சின்னக் குழி. அதைப் பிசினில் வார்த்து, பத்து நாள் தேய்த்தான். முடித்து என் கையில் கொடுத்தபோது விரல்கள் தாமாகவே போய் உட்கார்ந்தன. கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு மயிர்க்கோடு இடைவெளிகூட இல்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மூடிக் கிடந்த கிடங்கின் முற்றத்தில் முதல் ஓட்டம். அவன் வெளியே நின்றான். நான் நெம்புகோலைப் பிடித்து, முதல் கியர் போட்டு, மெல்ல விட்டேன். சோப்பு டப்பா நகர்ந்தது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் கையால் ஒரு வண்டி நகர்கிறது. இரண்டாவது கியரும் விழுந்தது. முற்றத்தின் மூலையில் திருப்பம் வந்தது. பழைய வண்டி, ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். இடது கையை எடுத்தேன். வரவில்லை.

பிடி விடவில்லை. பள்ளத்தில் உட்கார்ந்த விரல்களை ஒவ்வொன்றாகத்தான் உருவ முடிந்தது. நான் சுண்டு விரலை உருவி முடித்த நேரத்தில் எதிரே அடுக்கி வைத்திருந்த காலித் தகர டிரம்கள் வந்துவிட்டன. பிரேக்கை மிதித்தேன், ஆனாலும் ஏழு டிரம் சரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம்தான் ஊரைக் கூட்டியது.

பல்செட் வாயிலிருந்து நழுவக் கூடாது. இத்தனை வருஷமும் அவன் உழைத்ததெல்லாம் அதற்காகத்தான். வண்டியில் இருக்கும் பிடியை நினைத்த நொடியில் விட முடிய வேண்டும் என்பது அந்த மண்டைக்கு எட்டவே இல்லை. இதை அங்கேயே, டிரம்களுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே, தெருவுக்குக் கேட்கும் குரலில் சொன்னேன். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கொடுமை ஆரம்பித்தது. நியாயமாகப் பார்த்தால் பிடியை மாற்ற அரை மணி நேரம் போதும். அவன் பிரேக்கைப் பிரித்தான். சரியாக இருந்த பிரேக்கை! மாட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிரித்தான். பிறகு முன் சக்கரம். தினமும் வேலை முடிந்து வந்து ஒன்றைக் கழற்றுவான், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், தேய்ப்பான், மாட்டுவான், மறுநாள் அதையே திரும்பக் கழற்றுவான். ஆறு வாரத்தில் நான்கு போய்விட்டது. கேட்டால், "இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடறேன்க்கா." கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று, தொந்தரவில்லாமல் கார்புரேட்டரைக் கழற்றினான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அவன் கூடத்துக்குப் போயிருந்த ஒரு காலையில் கிரீஸ் அண்ணனை அழைத்து வந்தேன். "அறுங்க" என்றேன்.

"தம்பி கோவிச்சுக்கப் போறான்மா."

"கோவிச்சுக்கட்டும். அதுக்காவது அவனுக்கு நேரம் இருக்கட்டும்."

பிடியை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, ஸ்கூட்டர் ரப்பரைச் செருகிக் கொடுத்தார். கார்புரேட்டரையும் மாட்டினார். இருபது நிமிடம். நானே கிடங்கு முற்றத்துக்கு ஓட்டிப் போய் எட்டு வளையம் சுற்றி வந்தேன். கை நினைத்தபோது வந்தது. மாலையில் தம்பி வந்து ரப்பரைப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்து, பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். தயார் செய்த பதிலெல்லாம் வீண்.

வண்டிப் பதிவு அலுவலகத்தில் வண்டிக்கும் லைசென்ஸுக்கும் சேர்த்தே சோதனைக்குத் தேதி கிடைத்தது, கெடுவுக்கு நான்கு நாள் முன்னால். தம்பியும் வந்தான், கிரீஸ் அண்ணனும் வந்தார். சோதிக்கும் அதிகாரி ஒரு பெண்மணி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். வண்டியின் அடியில் படுத்தே பார்த்தார். துணைத் தண்டை ஆட்டிப் பார்த்தார், கம்பியை இழுத்துப் பார்த்தார். ஜன்னல் கைப்பிடியைப் பார்த்து, "இது என்ன கலரு?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்.

"மாத்தம் பண்ணவர் கையெழுத்துப் போடணும். இதுக்கு நானே பொறுப்புன்னு. யாரு பண்ணது?"

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி கிரீஸ் அண்ணனைப் பார்த்தான்.

"அண்ணன் போடட்டும்" என்றான்.

"நான் செருகினது ஒரு ரப்பர்" என்றார் கிரீஸ் அண்ணன். "ரப்பருக்கு வேணும்னா போடறேன்."

"யாராவது போடுங்க. இது இல்லாம நான் வண்டியில ஏற மாட்டேன். இன்னைக்கு விட்டா அடுத்த தேதி அடுத்த மாசம்தான்" என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த வண்டிக்குப் போனார்.

தம்பி பேனாவைத் தொடவே இல்லை. மூன்று வருஷம், கையெழுத்துக்கான ஒரு காலிக் கோட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அவன் சட்டையைப் பிடித்து வண்டிக்குப் பின்பக்கம் இழுத்துப் போனேன்.

"என்னால முடியாதுக்கா" என்றான். "நாளைக்கு உனக்கு இதுல ஏதாவது ஆச்சுன்னா..."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, விசாரிக்க வந்தவரிடம் ரோட்டில் பள்ளம் என்று சொன்னவள் நான்தான். அலுவலகத்திலும் அதையே சொன்னேன், சொந்தக்காரர்களிடமும் சொன்னேன், இவனிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போயிற்று. "உன் தப்பு ஒண்ணும் இல்லை" என்று எல்லோரும் இவன் முதுகைத் தட்டினார்கள். இவன் ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து துரு சுரண்டினான்.

"பள்ளம் எதுவும் இல்லைடா" என்றேன். "நீ பின்னால திரும்பி என்கிட்ட பேசிக்கிட்டே வந்தே. எதிர்ல திருப்பம். நீ பாக்கலை. உன் தப்புதான்."

அவன் மெதுவாக பம்பரில் உட்கார்ந்தான். "உனக்குத் தெரியுமா?"

"பின்னால உக்காந்திருந்தது நான்தானே? எனக்குத் தெரியாம?"

"அப்ப ஏன் பள்ளம்னு சொன்னே?"

"நீ அழுதுக்கிட்டு நின்னே. வாயில வந்ததைச் சொன்னேன்."

"கோபமே வரலையா உனக்கு?"

"வந்துச்சே. ரெண்டு வருஷம் நல்லா கொதிச்சேன். அப்புறம் இந்தச் சனியன் வந்து சேர்ந்துச்சு. இருந்த கோபமெல்லாம் இது மேல திரும்பிடுச்சு." அவன் கையைப் பிடித்துப் பேனாவைத் திணித்தேன். "அதைப் பண்ணதும் நீதான், இதைப் பண்ணதும் நீதான். ரெண்டுக்கும் வேற ஆள் தேடாதே. தப்பு பண்ணவன்னு தெரிஞ்சுதான் நீ பண்ண வண்டியில நான் ஏறப் போறேன். போடு."

பம்பரில் உட்கார்ந்தபடியே, மடியில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அதிகாரி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மேட்டில் நிறுத்தச் சொன்னார், பின்னால் எடுக்கச் சொன்னார், நெரிசலான ரோட்டில் ஒரு சுற்று போகச் சொன்னார். திரும்பி வந்து இறங்கியதும் முத்திரை குத்தினார். "பிடி நல்லா இருக்கு" என்றார், ரப்பரைக் காட்டி. கிரீஸ் அண்ணன் பெருமையில் நிமிர்ந்தார். தம்பி தரையைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கிரீஸ் அண்ணன் அங்கிருந்தே பட்டறைச் சாமான் வாங்கப் போய்விட்டார். தம்பியை என் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பெரிய ரோடு, நல்ல வெயில், இரண்டு பக்கமும் லாரி. அவன் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விழுந்த நாளிலிருந்து இவன் எந்த வண்டியிலும் வாய் திறந்ததில்லை. பஸ்ஸில்கூட, இறங்கும் இடம் வந்துவிட்டது என்று தோளைத் தொட்டுத்தான் சொல்வான்.

"ஏதாவது பேசுடா" என்றேன்.

"வேணாம்க்கா. நீ ஓட்டு."

"நான் ரோட்டைப் பாத்துக்கறேன். நீ பேசு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சிக்னல் தாண்டியது, ஒரு பாலம் தாண்டியது. பிறகு தொண்டையைச் செருமினான்.

"அக்கா, மூணாவது கியர்ல லேசா ஒரு சத்தம் கேக்குது. நாளைக்கு அதை மட்டும் ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடறேனே?"

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றேன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.